சொல்லின் முதலும் ஈறும்

ஒரு சொல்லின் முதலிலேனும் ஈற்றிலேனும் சிறியதோர் உறுப்புச் சேர்தலாற் பொருள் எத்துணை வேறுபடும் என்பதைச் சில எடுத்துக்காட்டுக்களால் ஈண்டு விளக்குவாம்.

முதலிற் சேர்வன தமிழிற் சிலவே. அ, இ, உ என்னுஞ் சுட்டுக்களும் எகர வினாவும் அவற்றுட் சிறந்தன. அது, இது, உது, எது என்னும் நான்கும் முதலெழுத்தொன்றினாலேயே வேறுபடுதல் காண்க. உகரச்சுட்டு தமிழகத்துப் பேச்சில் அருகிவிட்டது. யாழ்ப்பாணத்தாரோ கேட்போன் பக்கத்துள்ள பொருளை இன்றும் 'உது' என்றே சுட்டுவர். நம் வீட்டுப் பேச்சைக் கொச்சையென்று இகழும் மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக.

வடமொழிவழி வந்த அகரமும் முதலிற் சேரும். அஃது இன்மை, அன்மை, மறுதலை என்னும் முப்பொருளையும் தரும். அரூபம் உருவின்மை, அசைவம் சைவம் அல்லாதது, அதர்மம் தருமத்திற்கு மறுதலை.

தமிழோ இன்மையையும் அன்மையையும் ஈற்றிலே வேறுபிரித்துக் காட்டும். 'வந்தவர் ஆசிரியரல்லர்' எனின், வந்தவர் வேறொருவர். 'வகுப்பில் ஆசிரியரிலர்' எனின், வகுப்பிற் கற்பிப்பாரில்லை. இவ்விரண்டிடத்தும் 'இல்லை' என்றே எழுதுவோர் இக்காலத்துப் பலர். மொழி தந்த நுட்பமொன்றை அவர் இழக்கின்றனர்.

வினைச்சொல்லிலும் பொருள் ஈற்றை நோக்கியே விரியும். மாணாக்கன் திருந்தினான், ஆசிரியர் திருத்தினார், அதிபர் திருத்துவித்தார். முதலது தன்வினை. மெல்லெழுத்து வல்லெழுத்தாக, அது பிறவினையாயிற்று. 'வி' விகுதி சேர, பிறரைக்கொண்டு செய்விக்கும் வினையாயிற்று.

எதிர்மறையோ இன்னும் நுண்ணியது. 'கொடுப்பான்' என்பதிலுள்ள காலங்காட்டும் இடைநிலை நீங்கினாற் 'கொடான்' ஆகும். எதிர்மறை ஆகாரம் அங்கே புணர்ந்து கெட்டது என்பர் இலக்கணமுடையார். கெட்ட எழுத்துங் கருத்தை மாற்றுதல் வியப்பன்றோ! காணியுறுதியொன்றிலே 'கொடுப்பான்' என்றிருக்கவேண்டிய இடத்திற் 'கொடான்' என்றிருந்தால், வாங்குவோன் நிலை என்னாகும்?

ஆதலின், சொல்லின் தலையை மட்டும் பார்த்துப் பொருள் கொள்ளுதல் தகாது. நன்னூலார் பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புக் கூறியது பரீட்சைக்கு மனனஞ் செய்தற்கன்று. சொல்லின் கடையெழுத்துவரை கருத்தூன்றிப் படித்தற்கேயாம். அப்பழக்கத்தை இளமையிலே ஊட்டுதல் தமிழாசிரியராகிய எம் கடன். வீட்டிலே பேணுதல் பெற்றோராகிய பழைய மாணவர் கடன்.