மலைச் சைக்கிளுக்கு முதற் கிளிப்பில்லாப் பெடல்

சைக்கிளின் உறுப்புக்களுள், பெயரினாலேயே புதியோரை மயங்கவைப்பது 'கிளிப்பில்லாப் பெடல்' என்பதாகும். கிளிப்பில்லாதது என்றவுடன், பாதத்தை எவ்வகையானும் பற்றாத வெறும் மிதிகட்டை என்றே எவரும் எண்ணுவர். உண்மையோ அதற்கு நேர்மாறானது. பாதரட்சையின் அடியில் திருகப்பட்ட 'கிளீட்' என்னும் சிறிய உலோகத் துண்டை ஸ்பிரிங்கின் வலியாற் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பெடலுக்கே இப்பெயர் வழங்குகின்றது. முன்னாளைப் பந்தய வீரர், கால்விரல்களை ஒரு கம்பிக் கூட்டினுட் செலுத்தி, அதன்மேல் தோல்வாரை இறுக்கி ஓட்டினர். அக்கூட்டிற்கே 'டோ கிளிப்' என்று பெயர். அது நீங்கியமையின் புதியது கிளிப்பில்லாதது ஆயிற்று. பெயரிட்டோர் போனதை நோக்கினரேயன்றி வந்ததை நோக்கினாரல்லர்.

இக்கருவியின் எண்ணம் மிகப் பழையது. 1895-லேயே அமெரிக்காவில் சார்லஸ் ஹான்சன் என்பார் இவ்வகைப் பெடலொன்றை அமைத்தனர். 1971-ல் இத்தாலியச் சினெல்லி கம்பெனியார் வெளியிட்ட எம்.71 என்னும் பெடலில், பாதத்தை விடுவிக்க வேண்டுமாயின் குனிந்து கையால் ஒரு நெம்புகோலை நகர்த்தல் வேண்டும். விழும்போது அதற்கு அவகாசம் ஏது? அதனைச் 'சாவுப் பெடல்' என்று ஓட்டுவோர் அழைத்ததில் வியப்பில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளில் பாதத்தைப் பிணைக்கும் பூட்டுக்களைச் செய்துவந்த பிரெஞ்சுக் கம்பெனியாகிய லுக், குதிகாலை ஒருபுறமாகத் திருப்பின் தானே விடுபடும் பெடலை 1984-ல் விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டே பெர்னார் ஈனோ அப்பெடல்களைக் கொண்டு பிரான்ஸ் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் வெற்றி பெற்றனர். தோல்வாரின் காலம் அத்துடன் முடியத் தொடங்கிற்று.

ஆயினும் சாலைக்கு ஏற்றது மலைக்கு ஏற்றதாகாது. மலைச் சைக்கிள் என்பது கலிபோர்னியாவில் டமல்பைஸ் மலையைச் சூழ்ந்த மாரின் பகுதியில் வளர்ந்த விளையாட்டு. 1976 முதல் அங்கே சில இளைஞர் பழைய கனத்த சைக்கிள்களில் ஏறி, சுமார் 1300 அடி உயரத்தினின்று மண்பாதை வழியே பந்தயமிட்டு இறங்கினர். ஒருமுறை இறங்கியதும் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைந்து போகும். மீண்டும் கிரீஸ் அடைத்த பின்னரே அடுத்த முறை இறங்கலாம். இதனாலேயே அப்பந்தயம் 'ரீபேக்' எனப் பெயர் பெற்றது. இத்தகைய பாதையில் ஓட்டுவோன் இடையிடையே இறங்கி நடப்பான், சேற்றை மிதிப்பான், பாறையிற் கால் ஊன்றுவான். சாலைப் பாதரட்சையின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய கிளீட் அவனை அங்கே வழுக்கி வீழ்த்திவிடும். ஜப்பானிய ஷிமானோ கம்பெனியார் 1990-ல் வெளியிட்ட எஸ்.பி.டி. என்னும் அமைப்பு இக்குறையை நீக்கியது. கிளீட் சிறியது, இரண்டே திருகாணிகளாற் பிணைக்கப்படுவது, பாதரட்சையின் அடிப்பள்ளத்துள் ஒடுங்கிக் கிடப்பது. இன்றும் மலைச் சைக்கிள் பெடல்களிற் பெரும்பாலன இவ்விரு திருகாணி முறையையே பின்பற்றுகின்றன.

நிற்க. இது நமக்கு வேண்டுமா என்பதே முதலில் ஆராயத்தக்கது. கடைக்காரர் பலர் கூறும் காரணம், "கால் மேலெழும்போதும் பெடலை இழுக்கலாம்; வலிமை இருமடங்காகும்" என்பது. இதனை யாம் ஒப்புக்கொள்ளோம். கோர்ஃப் முதலியோர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சைக்கிள் வீரர் எண்மரைப் பலவகையாக மிதிக்கச் செய்து அளந்தனர். மேல்நோக்கி இழுத்து மிதித்தபோது விசை பெடலிற் செலுத்தப்பட்ட விதம் செவ்வையாயிற்றே எனினும், உடல் செலவிட்ட சக்திக்குக் கிடைத்த பயன் குறைந்தது. இழுப்பதற்குரிய தசைகள் அவ்வேலைக்கு அத்துணைத் தக்கவையல்ல என்பதே இதனாற் பெறப்படுவது. கிளிப்பில்லாப் பெடலின் உண்மைப் பயன் வேறு. வேரும் கல்லும் நிறைந்த பாதையில் வண்டி குதிக்கும்போது பாதம் பெடலைவிட்டுத் தெறிக்காது. ஒவ்வொரு முறையும் பாதம் ஒரே இடத்தில் அமையும். செங்குத்தான ஏற்றத்தில் இடைவிடாது மிதிக்கலாம். இவை சிறிய நன்மைகளல்ல. ஆயினும் இவையின்றி மேன்மை எய்தல் இயலாது என்பதுமில்லை. ஆஸ்திரேலிய வீரர் சாம் ஹில், வெறும் தட்டைப் பெடல்களையே மிதித்து, 2017, 2018, 2019 ஆகிய மூன்றாண்டும் எண்டியூரோ உலகத் தொடரை வென்றனர்.

ஆதலின் எமது அபிப்பிராயம் இதுவே: தட்டைப் பெடலில் ஓட்டப் பழகாதவன் கிளிப்பில்லாப் பெடலை நாடுதல் நன்றன்று. தட்டைப் பெடலில் வண்டியைத் தடைமேல் எழுப்ப விரும்புவோன், உடலைத் தாழ்த்திப் பின் எழுந்து, பாதத்தைச் சாய்த்துப் பெடலைப் பின்னோக்கி அழுத்திப் பற்றக் கற்கின்றான். பாதம் பூட்டப்பட்டவனோ வண்டியைக் காலாற் தூக்கிவிடுகின்றான். இவ்வழக்கம் படிந்துவிடின் பின்னர் மாற்றுதல் அரிது. இறக்கத்திற் குதிகாலைத் தாழ்த்தி நிற்கும் பழக்கமும் தட்டைப் பெடலே கற்பிப்பது.

இனித் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவாம். கடைகளிற் காணப்படும் முறைகள் முக்கியமாக மூன்று. எஸ்.பி.டி. முறையின் பெருஞ் சிறப்பு, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சிறு ஆலன் சாவியாற் கூட்டவும் குறைக்கவும் இயல்வது. முதற்பெடல் வாங்குவோனுக்கு இதனினும் வேண்டற்பாலது பிறிதில்லை. இரண்டாவது, கலிபோர்னியாவில் தோன்றிய க்ராங்க்பிரதர்ஸ் முறை. முட்டை கடையும் கருவி போன்ற அதன் வடிவத்தில் நான்கு புறமும் கிளீட்டை ஏற்கும். சேறு தங்குவதற்கு இடமே இல்லை. ஆனால் அதன் இறுக்கத்தை மாற்ற இயலாது. விடுபடும் கோணத்தை மட்டும், கிளீட்டுக்களை இடவலமாக மாற்றிப் பூட்டி, 15 பாகை அல்லது 20 பாகை என அமைத்துக்கொள்ளலாம். அதன் பித்தளைக் கிளீட் விரைவில் தேயும். மூன்றாவது டைம் முறை. இது பிரான்சிற் பிறந்து 2021 முதல் ஸ்ராம் கம்பெனியார் வசம் உள்ளது. பாதம் பூட்டினுள்ளேயே சற்றுத் தாராளமாக அசைய இடந்தருவதால், முழங்கால் நோவுடையோர் சிலர் இதனையே விரும்புவர். ஒரு முறையின் கிளீட் மற்றொன்றிற்குப் பொருந்தாது என்பதை மறத்தலாகாது.

எஸ்.பி.டி. முறையை எடுப்போன் கிளீட்டிலும் இருவகை உண்டென அறிதல் வேண்டும். பெடலுடன் பெட்டியிற் பெரும்பாலும் வருவது எஸ்.எச்.51 என்னும் கறுப்புத் துண்டு. இது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடுபடும். தனியே வாங்கவேண்டிய எஸ்.எச்.56 என்பதோ பல திசைகளிலும் விடுபடும்; அச்சத்தில் காலை எப்படிப் பிடுங்கினும் பெரும்பாலும் வெளிவந்துவிடும். அதற்கேற்ற குறையும் உண்டு: ஏற்றத்தில் வலிந்து இழுக்கும்போது வேண்டாத வேளையிலும் விட்டுப்போகலாம். நிற்கும்போது விழுந்துவிடுவோமோ என்னும் அச்சமே பலரை இப்பெடல்களிடத்தினின்று விரட்டுகின்றது. ஆதலின் முதற்சில மாதங்களுக்கு 56-ஐயும், பழகிய பின் 51-ஐயும் கொள்வது தக்கது என்பது எமது துணிபு.

பெடலின் உடலமைப்பைப் பற்றிச் சில சொல்லுவோம். வெறும் பூட்டு மட்டும் உள்ள சிறு பெடல் இலேசானது. பூட்டைச் சுற்றி உலோகச் சட்டம் உள்ளது, பாதம் பூட்டில் அமையாத கணத்திலும் மிதிக்க இடந்தரும்; கரடான பாதைக்கு இதுவே உகந்தது. ஒருபுறம் பூட்டும் மறுபுறம் தட்டையுமான பெடலைப் புதியோர் பலர் இரண்டுக்கும் உதவுமென்று வாங்குகின்றனர். சாலையிலும் கடைத்தெருவிலும் அது நல்லதே. மலைப்பாதையிலோ, பாறைகளினிடையே கண் பாதையில் இருக்கவேண்டிய வேளையில், எப்புறம் மேலே இருக்கின்றதென்று காலடியை நோக்க வேண்டியதாகும். எடையைக் குறைக்கப் பணம் கொட்டுதல் முதற்பெடலுக்கு வேண்டுவதன்று. ஷிமானோவின் எம்.520 என்னும் எளிய பெடல் இணை சுமார் 380 கிராம் உள்ளது. பாறையில் மோதியும் சேற்றில் அமிழ்ந்தும் பல்லாண்டு உழைப்பது. மிஞ்சிய பணத்தை நல்ல பாதரட்சைக்குச் செலவிடுக. அடிப்பாகம் விறைப்பாயினும் நடப்பதற்கு வளைவதாயும், ரப்பர் அடி பள்ளமேடு உள்ளதாயும், இரு திருகாணித் துளைகள் உள்ளதாயும் இருத்தல் வேண்டும். மூன்று துளை மட்டும் உள்ள சாலைப் பாதரட்சை இதற்கு ஆகாது.

பூட்டும்போது ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். வலப்பெடலின் மரை வழக்கமான வலமரை, இடப்பெடலினதோ இடமரை. இதனை அறியாது முரட்டுத்தனமாகத் திருகிக் கிராங்கின் மரையை அழித்தோர் பலர். மரையிற் சிறிது கிரீஸ் தடவிக் கையாலேயே தொடங்கித் திருகுக.

கிளீட்டை அமைப்பதிலேயே பெரும் கவனம் வேண்டும். ஏனெனில் இங்கே பிழைப்பின் கெடுவது கருவியன்று, முழங்கால். மிதிப்பவன் ஒரு நிமிஷத்தில் 80 முறை காலைச் சுழற்றுவானாயின், ஒரு மணிநேரத்தில் 4800 முறை முழங்கால் மடங்கி நிமிரும். பாதம் இயல்பிற்கு மாறான கோணத்திற் பூட்டப்பட்டிருப்பின் அத்தனை முறையும் மூட்டு முறுக்குண்ணும். உயரமான மேஜைமேல் அமர்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பார்க்க; பாதங்கள் இயல்பாக எத்திசை நோக்குகின்றனவோ, அந்நிலை பூட்டின் அசைவிடத்தின் நடுவில் வருமாறு கிளீட்டைத் திருப்புக. முன்பின் இடத்தைப் பொறுத்தவரை, பெருவிரலடி முட்டிற்குச் சற்றுப் பின்னே வைப்பது மலைக்கு நலம்; இறக்கத்தில் உடலின் பாரத்தைப் பாதம் உறுதியாகத் தாங்கும், கெண்டைக்காலும் களைக்காது. திருகாணிகளிற் கிரீஸ் இட்டு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்குக. பின்னர் ஓட்டும்போது முழங்காலில் நோவு தோன்றின், பழகினாற் போய்விடும் என்று பொறுத்திருத்தல் கூடாது. இறங்கிக் கிளீட்டைச் சிறிதளவே மாற்றிப் பார்க்க. மாற்றுமுன் பழைய இடத்தைப் பென்சிலாற் கோடிட்டு வைக்க. பன்முறை மாற்றியும் நோவு நீங்காதாயின் வைத்தியரைக் காண்க.

ஸ்பிரிங்கைத் தளர்த்துவதிற் பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. இருபுறமும் பூட்டுள்ள பெடலில் புறத்திற்கு ஒரு திருகாக, இரு பெடலிலும் சேர்த்து நான்கு திருகுகள் உள. மேலே தெரியும் இரண்டை மட்டும் தளர்த்திவிட்டு, எல்லாம் ஆயிற்று என்று கிளம்புவோன், பெடல் ஒருமுறை புரண்டதும் இறுகிய பூட்டிற் சிக்கிக்கொள்வான். நான்கையும் முற்றத் தளர்த்தி, பின் வேண்டுமளவு ஒரே எண்ணிக்கையாக இறுக்குக.

முதற்பயிற்சி மலையிலன்று, புல்தரையில். சுவரையோ தூணையோ பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் ஐம்பது முறையேனும் பூட்டியும் விடுவித்தும் பழகுக. பின்னர் மெல்ல ஓட்டி, நிற்பதற்கு முன்பே, வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கையிலேயே, ஒரு காலை விடுவிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துக. இப்பெடல்களால் நேரும் முதல் வீழ்ச்சி வேகத்தில் நேர்வதன்று. வண்டி நின்றபின், பாதத்தை மேல்நோக்கிப் பிடுங்க முயன்று, வெட்டிய மரம் போற் பக்கவாட்டிற் சாய்வதே. அப்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றின் மணிக்கட்டு முறியக்கூடும். கைப்பிடியை விடாது, தோளும் இடுப்பும் சேர்ந்து நிலத்திற் படுமாறு வீழ்வது மேல்.

கிளீட் தேயும் பொருள். விடுவிப்பது முன்னினும் கடினமாயினும், வேண்டாதபோது தானே விடுபடினும், புதியது மாற்றுதற்குரிய காலம் வந்ததென்க. முதல் இரண்டொரு சவாரிக்குப்பின் திருகாணிகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பதைத் தவறவிடலாகாது. இரண்டனுள் ஒன்று கழன்று விழுந்துவிடின், குதிகாலைத் திருப்பும்போது பாதரட்சை மட்டும் சுழலும். கிளீட்டோ பூட்டினுள் அசையாது நிற்கும். எவ்வளவு முறுக்கினும் பயனில்லை. அத்தகைய வேளையிற் சமதரையில் மரத்தையோ வேலியையோ பற்றி நின்று, பாதரட்சையின் கட்டை அவிழ்த்துக் காலை உருவிக்கொண்டு இறங்குக. பாதரட்சையைப் பெடலினின்று பிரிக்கும் வேலையைப் பின்னர் ஆறுதலாகப் பார்க்கலாம்.