கேட்கத் தெரிந்த படிவம்

நுழையும்முன்

பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, உதவித்தொகை, நுழைவுத்தேர்வு என இதுவரை எத்தனை படிவங்களை நிரப்பியிருப்பீர்கள்? இனி நீங்கள் நிரப்பப்போகும் படிவங்களுள் பெரும்பாலானவை கணினித் திரையிலேயே இருக்கும். அவற்றை நிரப்புபவராக மட்டுமின்றி, வடிவமைப்பவராகவும் உங்களுள் சிலர் ஆகக்கூடும். அதற்கு எவற்றையெல்லாம் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதை இப்பாடம் கூறுகிறது.

படிவம் ஓர் உரையாடல். ஆனால், கேட்பவர் எதிரில் இல்லை. அவருடைய வினாக்கள் மட்டுமே இருக்கின்றன. நேரில் ஒருவர் நம் பெயரைக் கேட்டால், 'தலைப்பெழுத்தோடு சொல்லவா, இல்லாமல் சொல்லவா?' என்று திருப்பிக் கேட்கலாம். படிவத்திடம் அவ்வாறு கேட்க இயலாது. நிரப்புபவருக்கு எழக்கூடிய ஐயத்தை முன்கூட்டியே உணர்ந்து, அந்த இடத்திலேயே விடையும் தந்திருப்பதுதான் நல்ல படிவம்.

மூவர் பார்த்தும் தெரியாத பிழை

2020 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கைச் சேர்ந்த சிட்டி வங்கி, ரெவ்லான் என்னும் ஒப்பனைப்பொருள் நிறுவனத்தின் சார்பில் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 78 இலட்சம் டாலர் வட்டியை அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் வட்டியோடு, கடனின் அசலும் சேர்ந்து ஏறத்தாழ 90 கோடி டாலர் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து வெளியே சென்றுவிட்டது.

காரணம் ஓர் உள்ளீட்டுத் திரை. அசலை வெளியே விடாமல் வங்கியின் உள்கணக்கிலேயே நிறுத்தி வைக்க, அத்திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அவற்றுள் ஒன்றின் பெயர் 'அசல்'. மற்ற இரண்டின் பெயர்கள் அசலோடு தொடர்புடையனவாகவே தோன்றவில்லை. 'அசல்' என்று எழுதியிருந்த கட்டத்தை மட்டும் நிரப்பினால் போதும் என்று ஊழியர் எண்ணினார். அவருக்குப்பின் சரிபார்த்த இருவரும் அவ்வாறே எண்ணினர். பணம் வங்கியை விட்டு வெளியேறப்போவதாக இறுதியில் ஓர் எச்சரிக்கையும் தோன்றியது. வட்டி எப்படியும் வெளியேற வேண்டியதுதானே! எவ்வளவு பணம் வெளியேறும் என்பதை அவ்வெச்சரிக்கை சொல்லவில்லை. அந்த ஓர் எண்ணைக் காட்டியிருந்தால் மூவருள் ஒருவரேனும் திடுக்கிட்டிருப்பார்.

பணம் பெற்றவர்களுள் சிலர் ஏறத்தாழ 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தனர். 2021இல் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அதை மாற்றியது. ஊழியரின் கவனக்குறைவு என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. மூவர் கண்ணுக்கும் ஒரே மயக்கத்தைத் தந்த திரையையே முதலில் குறை கூற வேண்டும்.

பெயர் என்னும் கட்டம்

படிவங்களில் மிக எளிதாகத் தோன்றும் வினா பெயர். உண்மையில் அதுவே மிகக் கடினமானது. மேலைநாட்டு வழக்கத்தைப் பின்பற்றிப் பல திரைகள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை வைக்கின்றன. இரண்டும் கட்டாயம் என்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் என ஒன்று இல்லை. தந்தையின் அல்லது தாயின் பெயரிலிருந்து வரும் தலைப்பெழுத்தே உண்டு. ஒருவர் அதனைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடுகிறார். மற்றொருவர் தந்தையின் முழுப்பெயரை இடுகிறார். இன்னொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுகிறார். ஒரே மாணவரின் பெயர் மதிப்பெண் சான்றிதழில் ஒருவகையாகவும் ஆதாரில் வேறுவகையாகவும் வங்கிக் கணக்கில் மூன்றாம் வகையாகவும் பதிவாவது இப்படித்தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டுடன் வருகை நுழைவிசைவு கிடையாது என அறிவித்தபோது, நம் ஊர்களிலிருந்து புறப்படவிருந்த பலர் திகைத்தனர். தந்தை பெயர் கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் இருந்தாலும் போதும் என அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது.

'முழுப்பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறு' என்று ஒரே கட்டம் வைத்தால் இத்தொல்லையில் பெரும்பகுதி நீங்கும்.

தமிழில் பெயரைப் பதியும் திரைகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'தமிழ்ச்செல்வி' என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள்? த, மி, ழ், ச், செ, ல், வி என ஏழு. கணினி அவ்வாறு எண்ணுவதில்லை. ஒருங்குறி முறையில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் குறிக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஆகவே 'மி' இரண்டு, 'ழ்' இரண்டு. முழுப்பெயருக்கும் 13 குறியீடுகள். ஆங்கிலத்தை மனத்தில்கொண்டு '12 எழுத்துகளுக்கு மிகாமல்' என வரையறுத்த திரை, கடைசி இகரக்குறியை வெட்டிவிடும். தமிழ்ச்செல்வி 'தமிழ்ச்செல்வ' ஆகிவிடுவார். தொல்காப்பியம் உயிரும் மெய்யும் புணர்ந்து ஓரெழுத்தாக நிற்பதை வரையறுத்த மொழியில், எழுத்தை எண்ணத் தெரியாத திரையை ஏற்பது எங்ஙனம்?

நாளும் பிழைச்செய்தியும்

05/07/2008 என்பது நமக்கு ஜூலை 5. அமெரிக்கருக்கு மே 7. நாள், மாதம், ஆண்டு எனப் பெயரிட்ட மூன்று கட்டங்கள் இக்குழப்பத்தைத் தீர்க்கும். பிறந்த நாளுக்கு நாட்காட்டியைத் திறந்து காட்டும் திரைகளும் உள்ளன. இன்றைய மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாகப் பின்னே நகர்த்தினால், பதினாறு வயது மாணவர் 192 முறை அழுத்த வேண்டும்!

பிழைச்செய்தியை எழுதுவதற்கும் மொழியறிவு வேண்டும். 'தவறான உள்ளீடு' என்பது அதட்டல். 'அலைபேசி எண்ணில் 9 இலக்கங்களே உள்ளன. 10 வேண்டும்' என்பது உதவி. வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள் உள்ளன. ஐந்தாவது எப்போதும் சுழியம். அவ்விடத்தில் ஒருவர் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தை இட்டால், அது சுழியமாகவே இருக்க வேண்டும் என்பது கணினிக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விண்ணப்பத்தை மறுப்பது முறையன்று.

எம் மாணவி ஒருவர் உதவித்தொகைக்கான இறுதி நாள் மாலையில், இணையச் சேவை மையத்தில் வரிசையில் நின்று, நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டங்களை நிரப்பினார். வருவாய்ச் சான்றிதழின் எண்ணில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தது. திரை பிழை என்றது. எங்கே என்று சொல்லவில்லை. நிரப்பிய அனைத்தையும் அழித்தும்விட்டது. இரண்டாம் முறை நிரப்பி முடிப்பதற்குள் நேரம் கடந்தது. அவ்வாண்டு அவருக்கு உதவித்தொகை இல்லை. அந்த இடைவெளியைக் கணினியே நீக்கிக்கொள்ள ஒரு வரி நிரல் போதும்.

தெரிந்து தெளிவோம்

ஆதார் எண்ணின் 12 இலக்கங்களுள் கடைசி இலக்கம், முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கமாகும். நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969இல் வெளியிட்ட முறை இது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் கணினி உடனே கண்டுகொள்ளும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தில் நூல் பெறுவதற்கான உள்ளீட்டுத் திரையைத் தாளில் வரைக. இதுவரை நூலகத்திற்கு வராத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் ஒன்றும் பேசாமல் அருகில் அமர்ந்து, அவர் எந்தக் கட்டத்தில் தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்க. அக்கட்டத்தைத் திருத்தி எழுதுக.

2. உங்கள் பெயரில் எத்தனை எழுத்துகள், எத்தனை ஒருங்குறிக் குறியீடுகள் உள்ளன எனக் கணக்கிட்டு, வகுப்பிலேயே நீளமான பெயருக்கு எத்தனை இடங்கள் வேண்டும் எனக் கண்டறிக.