ஃபர்லோவில் இருக்கும்போது ராஜினாமா (2021-இல் முடிந்துவிட்ட பிரிட்டனின் கொரோனா கால ஃபர்லோ திட்டத்தின்போது வந்த கேள்வி)

கேள்வி: லண்டன் ஹோட்டல் ஒன்றில் வேலை. 2020 நவம்பரிலிருந்து ஃபர்லோவில் இருக்கிறேன். இப்போது (பிப்ரவரி 2021) வேறு வேலை கிடைத்து, இரண்டு வாரத்தில் சேரச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் மூன்று மாத நோட்டீஸ். குறைத்துக் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். பேரம் பேச இதைவிட நல்ல நேரம் அமையாது.

ஃபர்லோவில், அதாவது கொரோனாவால் வேலையின்றி வீட்டில் இருத்தப்பட்டவரின் வழக்கமான சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்ட் வரம்புக்குள், அரசு கொடுக்கிறது. ஆனால் 2020 டிசம்பர் 1 முதல், நோட்டீஸில் இருப்பவருக்கு அந்தப் பணம் கிடையாது. தானாக ராஜினாமா செய்தவருக்கும் இதே விதிதான். ஆக, நீங்கள் கடிதம் கொடுத்த மறுநாளிலிருந்து செலவு முதலாளி தலையில். பூட்டிக் கிடக்கும் ஹோட்டலில், வீட்டில் இருப்பவருக்கு மூன்று மாதம் கைக்காசு கொடுக்க யாருக்கு மனசு வரும்? சீக்கிரம் விடுவிப்பது அவருக்கே லாபம். இதைக் குத்திக்காட்ட வேண்டாம். அவருடைய கணக்காளர் சொல்லிவிடுவார்.

சட்டப்படி ஊழியர் தர வேண்டிய குறைந்தபட்ச நோட்டீஸ் ஒரு வாரம்தான். அதற்காக ஒப்பந்தத்தை உதறிவிட முடியாது. மூன்று மாதம் என்று கையெழுத்துப் போட்டது நீங்கள். அதனால் முதலில் பேச்சு, பிறகு கடிதம். எடுக்காத விடுமுறை நாட்களை நோட்டீஸில் கழிக்கவும் கேட்கலாம்; ஃபர்லோவிலும் விடுமுறை சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

புது நிறுவனத்தின் வேலை உத்தரவு எழுத்தில் வரும்வரை ராஜினாமா வேண்டாம். ஒப்புக்கொண்ட கடைசி நாளையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.