டி உயிரணு கிளர்ச்சியுறும் விதம்

வெள்ளணுக்களுள் ஒருவகையான டி உயிரணுக்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சியடைகின்றன. கிருமி புகுந்த உயிரணுக்களை அழிப்பதும், ஏனைய காப்பணுக்களை ஏவுவதும் இவற்றின் தொழில்களாம். இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியை நேரே பற்றிக்கொள்கின்றன. டி உயிரணுக்களோ பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை.

இதன் காரணம் புலப்பட வழிசெய்தவர்கள், ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவில் ஆராய்ச்சி நடத்திய பீட்டர் டோஹர்ட்டி, ரால்ஃப் ஜிங்கர்நாகல் என்னும் விஞ்ஞானிகள் ஆவர். 1974-ஆம் ஆண்டில் அவர்கள் தம் முடிவுகளை வெளியிட்டனர். வைரஸ் நோயுற்ற எலிகளின் டி உயிரணுக்களை, அதே வைரஸ் தொற்றிய உயிரணுக்களோடு அவர்கள் கண்ணாடிக் கலத்தில் சேர்த்தனர். ஒரே இனவழி எலியின் உயிரணுக்கள் அழிந்தன; வேற்று இனவழி எலியினுடையவை, வைரஸ் இருந்தும், தப்பின. ஆகவே, டி உயிரணு அயற்பொருளை மட்டும் காண்பதில்லை. அதைத் தாங்கி நிற்கும் தன் உடலின் அடையாளத்தையும் சேர்த்தே காண்கிறது. இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

அவ்வடையாளம் எம்.எச்.சி. எனப்படும் புரதமாகும். மனிதரிடத்தில் இதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். வைரஸின் புரதங்கள் உயிரணுவினுள் வெட்டப்படுகின்றன. பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கு ஒன்று, எம்.எச்.சி. புரதத்தின் பள்ளத்தில் பொருந்தி, உயிரணுவின் மேற்பரப்புக்கு வருகிறது. டி உயிரணுவின் ஏற்பி இவ்விரண்டையும் ஒருங்கே தொடுகிறது. இதுவே முதற் சமிக்ஞை.

எனினும், முன்னர்க் கிருமியைச் சந்தித்திராத டி உயிரணு இதனால் மட்டும் கிளர்ந்தெழாது. துணுக்கைக் காட்டும் உயிரணுவின் மீது பி7 என்னும் புரதமும் இருத்தல் வேண்டும். அது டி உயிரணுவின் சிடி28 என்னும் புரதத்தோடு இணைவதே இரண்டாம் சமிக்ஞை. இரண்டும் கிட்டினால் டி உயிரணு பல்கிப் பெருகுகிறது. முதலாவது மட்டும் கிட்டினால் செயலற்று அடங்குகிறது. கிருமியின் வரவை உணர்ந்த காப்பணுக்களிலேயே பி7 மிகுதியாகத் தோன்றும். தைமஸ் சுரப்பியின் தேர்வுக்குத் தப்பிய சில டி உயிரணுக்கள் சொந்த உடலையே தாக்காதிருக்க இஃது ஒரு காவல்.

இக்காவலை மீறினால் நேரும் ஆபத்தை, 2006-ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த மருந்துச் சோதனை காட்டிற்று. முதற் சமிக்ஞையின்றியே சிடி28 வழியாக டி உயிரணுக்களைத் தூண்டவல்ல மருந்து, நல்ல தேகநிலையுடைய அறுவருக்குச் சில நிமிட இடைவெளியில் செலுத்தப்பட்டது. குரங்குகளில் தீங்கு விளைவிக்காத அம்மருந்தால், சில மணி நேரத்தில் அறுவரும் கடும் நோயுற்றனர், உள்ளுறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையால் அனைவரும் பிழைத்தனர். இத்தகைய புதுமருந்தை முதலில் ஒருவருக்கே செலுத்தி, விளைவைக் கண்ட பின்னரே அடுத்தவருக்குச் செலுத்துதல் வேண்டும் என்னும் நெறி அதன் பின்னர் வலியுறுத்தப்பட்டது.