'நெகட்டிவ்' என்று எழுதும் முன்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

பி செல் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா (ஏ.எல்.எல்.) நோயாளிகளிடம் சிகிச்சைக்குப் பின் எஞ்சிய நோயின் அளவைச் சொல்லும் எம்.ஆர்.டி. ரிப்போர்ட்டுகளில் இனி உங்கள் கையெழுத்தும் இருக்கப்போகிறது. அந்த எண்ணுக்கு இன்று சிகிச்சையையே தீர்மானிக்கும் எடை உண்டு, 0.1 சதவீதமோ அதற்கு மேலோ நோய் எஞ்சியிருந்தால் பிளினாடுமோமாப் கொடுக்கலாம் என்று 2018-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஆனால் அந்த மருந்துக்குப் பிறகு வரும் சாம்பிளைக் கீமோவுக்குப் பிறகு வருவதைப் போலவே படித்துவிடாதீர்கள். பிளினாடுமோமாப் தேடிப்போவது சி.டி.19 புரதத்தை. 2023-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19-உம் அதையேதான் குறிவைக்கிறது. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பி செல்களைப் பிரித்தெடுக்க நாம் முதலில் நம்புவதும் அதே சி.டி.19-ஐத்தான். சில நோயாளிகளிடம் லுக்கீமியா செல்கள் அந்தப் புரதத்தை உதறிவிட்டுப் பெருகுகின்றன. அப்போது நாம் வழக்கமாகப் பார்க்கும் கட்டம் காலியாக இருக்கும். நோய் அதற்கு வெளியே இருக்கும். ஆகவே சி.டி.22, சி.டி.24, செல்லுக்குள் இருக்கும் சி.டி.79ஏ வழியாகவும் தேடுங்கள். சி.டி.22-ஐக் குறிவைக்கும் இனோட்டுசுமாப் மருந்தைப் பெற்றவர் என்றால் அதையும் நம்ப முடியாது. படிவத்தில் 'ஏ.எல்.எல்., ஃபாலோ-அப்' என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன மருந்து, எப்போது கொடுத்தார்கள் என்று வார்டுக்குப் போன் செய்து கேட்ட பிறகே ஆன்டிபாடிகளைத் தேர்ந்தெடுங்கள்.

மரபணு வரிசையைப் படிக்கும் சோதனை இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு என்பார்கள். மேற்பரப்புப் புரதம் போனாலும் அந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு நோயைக் கண்டறிந்த நாளின் சாம்பிள் வேண்டும், பணமும் வேண்டும். மேலும், எஞ்சிய செல்களில் சி.டி.19 இன்னும் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்தத் தகவல்தான் தேவை.

கார்-டி பெற்றவரின் ரத்தத்தில் இயல்பான பி செல்கள் இல்லையென்றால், செலுத்திய செல்கள் இன்னும் வேலை செய்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். முதல் ஆறு மாதத்துக்குள் அந்த இயல்பான பி செல்கள் திரும்பினால் உடனே தெரிவியுங்கள். அது நோய் திரும்பியதாக ஆகாது, பாதுகாப்பு குறைந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி. மஜ்ஜையில் அப்போது முளைக்கும் இளம் பி செல்களை லுக்கீமியா என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. அவை படிப்படியாக முதிர்கின்றனவா என்று பாருங்கள்.

சிகிச்சை தரும் மருத்துவருக்கு 'உண்டு, இல்லை' என்ற ஒரு வரிதான் வேண்டும், விளக்கங்கள் குழப்பும் என்பது நியாயமான ஆட்சேபம். அந்த வரியைக் கொடுங்கள், ஆனால் எத்தனை செல்களில் பார்த்தோம் என்பதையும் அதிலேயே சேருங்கள். 5 லட்சம் செல்களில் 50 என்பது 0.01 சதவீதம், 50,000 செல்களே கிடைத்திருந்தால் அதே அளவு நோய்க்கு 5 செல்கள்தான் தென்படும், அதை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது. மஜ்ஜையில் முதலில் உறிஞ்சிய பங்கு உங்களுக்கு வராமல் ரத்தம் கலந்த பிற்பங்கு வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். இந்த வகை லுக்கீமியாவில் மஜ்ஜையைவிட ரத்தத்தில் நோய் செல்கள் பெரும்பாலும் மிகக் குறைவு. அதனால் ரத்தம் மட்டுமே வந்திருக்கும்போது, 'ரத்தத்தில் தென்படவில்லை. மஜ்ஜை பார்க்கப்படவில்லை' என்று முழுதாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.