காப்புரிமைப் பத்திரம் சொல்வதும் சொல்லாததும்

'காப்புரிமை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவியர் பலர் பூட்டிய பெட்டி ஒன்றை நினைக்கின்றனர். ஒருவர் ஏதோ கண்டுபிடித்தார், பிறர் அறியாதபடி மறைத்துக் கொண்டார், அதுவே காப்புரிமை என்பது அவர்கள் எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆங்கிலேயர் வழங்கும் 'பேடண்ட்' என்னும் சொல் 'திறந்திருத்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எல்லோரும் படிக்கும்படி அரசர்கள் விடுத்த திறந்த மடல்களுக்கு அப்பெயர் இருந்தது. இன்றும் அதன் உட்பொருள் அதுவே. கண்டுபிடித்தவர் தம் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் படத்துடன் ஒளிவின்றி எழுதித் தரவேண்டும். அதற்கு ஈடாக, குறித்த காலம் வரை அவர் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்ற உரிமையை அரசு அவருக்கு வழங்கும். காலம் முடிந்தால் அது ஊர்ப்பொது. 1474-ஆம் ஆண்டிலேயே வெனிஸ் நகர அரசு இதற்கெனச் சட்டம் செய்தது. நம் நாட்டில் இப்போது அக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

இப்பத்திரத்தில் கண்டுபிடித்தவரின் பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பொருள் உலகிற்கு வர உழைத்தவர் அனைவரும் அதில் இடம்பெறுவதில்லை. அமெரிக்க நாட்டுப் பத்திரங்கள் மூன்றை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, செய்திகளைச் சேமித்து வைக்கும் கலையைப் பற்றியது. அமெரிக்காவின் 1880-ஆம் ஆண்டு மக்கள் கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. இதற்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்று ஹெர்மன் ஹாலரித் என்ற இளம் பொறியாளரிடம் சொன்னவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் மருத்துவர். இரயிலில் நடத்துநர் பயணியின் அடையாளங்களை (தலைமுடி வெளிறியதா, மூக்கு பெரியதா என்றெல்லாம்) சீட்டில் துளையிட்டுக் குறிப்பதைக் கண்ட ஹாலரித், மனிதர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை என வகுத்தார். வயது, தொழில், பிறந்த நாடு யாவும் அதில் துளைகளாயின. அட்டையை இயந்திரத்தில் வைத்து அழுத்தினால், துளையுள்ள இடத்தில் மட்டும் ஊசி உள்ளிறங்கிக் கீழேயுள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். உடனே மின்சுற்று முழுமையாகி, எண்காட்டி ஒரு படி நகரும். துளை இருக்கிறது, இல்லை என்ற இரண்டே விடைகள்! இன்றைய கணினியும் அடிப்படையில் இவ்விரண்டையே நம்பியுள்ளது.

1889 ஜனவரி 8-இல் ஹாலரித்துக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு மக்கள் கணக்கு அவருடைய இயந்திரங்களாலேயே எண்ணப்பட்டது. அவர் தொடங்கிய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்ற பெயர் பெற்றது. பில்லிங்ஸைத் தம்மோடு சேர அழைத்ததாகவும், சிக்கல் தீர்ந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என அவர் மறுத்ததாகவும் ஹாலரித்தே பின்னாளில் எழுதியிருக்கிறார். பில்லிங்ஸ் பெயர் பத்திரத்தில் இல்லாததற்கு அவர் விருப்பமே காரணம். அட்டைகளில் துளையிட்டவர்களில் பலர் பெண்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, நம் சமையலறைக்குரியது. பாலிஎத்திலீன் 1933-இல் இங்கிலாந்தில் எதிர்பாராமல் கிடைத்த பொருள். போரின்போது ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாயிற்று. அமெரிக்கரான ஏர்ல் டப்பர் அதன் கழிவுக் கட்டியை வாங்கித் தூய்மைப்படுத்தி, உடையாத, வளையக்கூடிய கிண்ணங்களை வார்த்தார். அவருடைய உண்மையான சாதனை கிண்ணத்தில் இல்லை, மூடியில் இருக்கிறது. பெயிண்ட் டப்பாவின் மூடியைத் தலைகீழாக எண்ணிப் பார்த்து அமைத்தார் என்பர். மூடியின் நடுவை அழுத்திச் சிறிது காற்றை வெளியேற்றினால், வெளிக்காற்றின் அழுத்தமே மூடியை இறுக்கிப் பிடிக்கும். 1949-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

ஆயினும் கடைகளில் அக்கிண்ணம் விலைபோகவில்லை. மூடும் விதம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்க வைத்தவர் பிரௌனி வைஸ், தம் மகனைத் தனியே வளர்த்து வந்த ஒரு தாய். அண்டை வீட்டுப் பெண்களைக் கூட்டி, கிண்ணத்தில் நீர்ப்பொருளை நிரப்பி மூடி, அதைத் தூக்கி எறிந்து பிடிக்கச் செய்தார்! ஒரு துளி சிந்தவில்லை. விற்பனை பெருகுவதைக் கண்ட டப்பர், 1951-இல் அவரைத் துணைத் தலைவராக்கி, கடைகளிலிருந்து பொருள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வீட்டுக் கூட்டங்களில் மட்டுமே விற்கலானார். வெளியே வேலை கிடைக்காத எத்தனையோ குடும்பப் பெண்கள் இதனால் கையில் காசு பார்த்தனர். 1954-இல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் வைஸின் படம் வந்தது. அவ்விதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

1958-இல் டப்பர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. வழக்காடிய பின் கிடைத்தது ஓராண்டுச் சம்பளம், ஏறத்தாழ 30,000 டாலர். அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை விற்றுப் பெற்றதோ 1 கோடியே 60 லட்சம் டாலர். சட்டப்படி இதில் குற்றமில்லை. மூடியைக் கண்டுபிடித்தவர் டப்பரே. ஆனால் மூடியை மூடக் கற்றுக்கொடுத்த அறிவுக்குக் காப்புரிமை அலுவலகத்தில் படிவம் இல்லை.

மூன்றாவது பத்திரத்தில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1942-இல் பிறந்த கறுப்பின மருத்துவர் பாட்ரீஷியா பாத். கண்ணிலுள்ள லென்ஸ் பால்போல் மங்குவதே கண்புரை. சிறு துளை வழியே லேசர் ஒளியைச் செலுத்திப் புரையை உடைத்து, நீரால் கழுவி உறிஞ்சி எடுக்கும் கருவியை அவர் 1981-இல் எண்ணினார். தமக்கு ஏற்ற லேசர் சொந்த நாட்டில் கிடைக்காமையால் பெர்லின் நகரம் சென்று ஆராய்ந்தார். 1988 மே 17-இல் காப்புரிமை பெற்றார். புரையை ஒலியலைகளால் உடைக்கும் வேறொரு முறையே இன்று அதிகப் பரவலாக உள்ளது; எனினும் மருத்துவக் கருவிக்காகக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் என்று பாத் குறிப்பிடப்படுகிறார்.

கண்ணைப் பற்றிப் பேசும்போது காப்புரிமையே கோராத ஒருவரை விட்டுவிட இயலாது. போரில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் புண்ணாகாமல் தங்கியதைக் கவனித்தவர் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. அத்தகைய பிளாஸ்டிக்கால் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29-இல் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். சக மருத்துவர்கள் பலர் அவரை எதிர்த்தனர். அந்த லென்ஸுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பின்னாளில் பலர் அதைத் திருத்தி வளர்த்தனர். 1992 முதல் மதுரையிலேயே, அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் குறைந்த விலையில் அத்தகைய லென்ஸ்களைச் செய்து வருகிறது.

மேலே சொன்ன மூன்று பத்திரங்களின் எண்கள் முறையே 395782, 2487400, 4744360. கணினியில் இவ்வெண்களைக் கொடுத்தால் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். சட்ட நடை ஆங்கிலம் முதலில் கடினமாயிருக்கும். படத்தில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் படித்தால் மெல்லப் பிடிபடும். டப்பரின் மூடிப் படத்திலிருந்து தொடங்குவது எளிது.