இரத்தம் வராவிட்டாலும் ‘இன்ஜுரி’

பண்டகசாலையில் பாரமான பெட்டியொன்றைத் தூக்கும்போது ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. “இன்ஜுரி ஏதும் உண்டா?” என்று மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் வினவ, அவர் “நோ” என்கிறார். இரத்தம் வரவில்லை, ஆகவே காயமில்லை என்பது அவரது எண்ணம். தமிழில் அது சரியே. ஆங்கிலத்தில் வெட்டுக்காயத்துக்கு ‘வூண்ட்’ என்ற தனிச்சொல் உண்டு. ‘இன்ஜுரி’யோ சுளுக்கு, எலும்பு முறிவு, தசைப்பிடிப்பு, கண்ணுக்குத் தெரியாத உட்காயம் யாவற்றையும் குறிக்கும்.

கியூபெக் சட்டத்தின் ஆங்கில வடிவத்தில் ‘எம்ப்ளாய்மென்ட் இன்ஜுரி’ இன்னும் விரிந்தது. தொழில்சார் நோயும், பழைய பாதிப்பு மீளத் தோன்றுவதும் அதனுள் அடங்கும். பாதிக்கப்பட்டவர் வேலைத்தலத்தை விட்டு நீங்குமுன், இயலாவிடின் விரைவில், தொழில்தருநருக்கு அறிவித்தல் வேண்டும். மருத்துவரைத் தெரிவு செய்யும் உரிமை அவருக்கே உண்டு. விபத்தாயின், சி.என்.இ.எஸ்.எஸ்.டி. நிறுவனத்திடம் இழப்பீடு கோருவதற்கான கால எல்லை 6 மாதங்கள். முதல் நாள் கூறிய “நோ” பின்னர் அக்கோரிக்கைக்குத் தடையாகலாம்.

புரோசார்டில் பிரெஞ்சு மொழி பேசுவோரிடம் வேறொரு சிக்கலும் எழும். அம்மொழியின் ‘அன்ஜூர்’ எழுத்தில் ‘இன்ஜுரி’யை ஒத்திருப்பினும் அதன் பொருள் வசைச்சொல். அநீதியைக் குறித்த இலத்தீன் சொல்லொன்றிலிருந்தே இரண்டும் பிறந்தன. பிரெஞ்சு நாவையும் ஆங்கிலம் உடலையும் பற்றிக்கொண்டன! உடற்காயத்துக்குரிய பிரெஞ்சுச் சொல் ‘பிளெசூர்’. “ஜெ மெ சுவி பிளெசே ஓ த்ரவாய்” என்றால், “வேலையில் எனக்கு அடிபட்டுவிட்டது” என்பது பொருள்.

தாதியரின் ஆலோசனைக்கு, எந்நேரமும்: 811. உயிராபத்து எனில்: 911.